மணிச்சி ஆறாத மண்ணைத் தின்ற கதை

அந்தக் காலத்தில் பூமி என்று ஒன்று கிடையாது. நிலா கிடையாது, கடல் கிடையாது, இந்தக் கதையைக் கேட்கக் காது வைத்திருக்கிற ஒரு பிராணியும் கிடையாது. சூரியன் மட்டும் இருந்தது. அதுவும் நேற்றுப் பிறந்த பச்சைப் பிள்ளை. அதைச் சுற்றி ஒரே புழுதி! மாட்டுச் சந்தை கலைந்த மாதிரி அப்படியொரு புழுதி. அதற்குள்ளே கற்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சும்மா சுற்றவில்லை, பேசிக்கொண்டே சுற்றின. கல் பேசுமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பேசின! சண்டை போட்டன, கல்யாணம் பண்ணிக்கொண்டன, நாத்தனார் மதினியைக் குத்திக் காட்டினாள். எல்லாம் நடந்தது.

அந்தக் கற்களில் மணிச்சி என்று ஒருத்தி. மேனி முழுக்க மணி மணியாக இருப்பாள். ஒவ்வொன்றும் சவ்வரிசி அளவுதான், ஆனால் உருண்டு திரண்டு என்ன மினுமினுப்பு! எல்லாக் கற்களுக்கும் மேலே மணி உண்டு. ஒருத்தர் மணி மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. ஆளை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். மணிச்சிக்கு நெற்றியில் பச்சை நிறத்தில் ஒன்பது மணிகள் வளைவாகப் பதிந்திருந்தன. ஆயிரம் கற்களுக்கு நடுவே போனாலும், “அந்தா போறா பாரு மணிச்சி” என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் புருஷன் பெயர் கொண்டையன். தலையில் ஒரு புடைப்பு, அதனால் அந்தப் பெயர். நல்ல மனுஷன். கல்தான், இருந்தாலும் நல்ல மனுஷன். அவனுக்கு ஒரு தங்கச்சி, குறுணி. ஆள் சின்னது, வாய் பெரிது. உடம்பின் மடிப்புகளில் கொஞ்சம் பனியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவாள். சூரியனை ஒரு தரம் சுற்றி வந்தால் அங்கே அது ஒரு சுற்று; மதினியைச் சீண்டாமல் அவளுக்கு ஒரு சுற்றுப் போகாது.

“என்ன மதினி, இன்னைக்கு நெத்தியில புழுதி. எங்க அண்ணன் பாத்தா யாரோன்னு நெனச்சிருவாரு.”

“ஏட்டி, உன் வாயில புழுதியப் போட!” என்பாள் மணிச்சி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

இவர்களுக்குச் சாப்பாடு புழுதிதான். வேறு என்ன கிடைக்கும் அங்கே? ஆனால் அதை எடுத்த எடுப்பில் வாயில் போடக்கூடாது. ஏனென்றால் சூரியன் பிறப்பதற்கு முன்னால் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் செத்துப்போயிருந்தது. அது சிதறிய கங்கெல்லாம் இந்தப் புழுதிக்குள்ளே கலந்து கிடந்தது. பார்த்தால் தெரியாது. மேலே சில்லென்றுதான் இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அதனால் கற்களுக்குள் ஒரு வழக்கம். வந்த புழுதியைத் தன்னைச் சுற்றி மிதக்கவிட வேண்டும். பல சுற்றுக் கழித்து, கங்கு செத்த பிறகு, ஒரு பிடி. மறுபடி காத்திருந்து இன்னொரு பிடி. ஆறிய மண்ணைத் தின்றால் மணி நிற்கும், ஆறாத மண்ணைத் தின்றால் மணி போகும் என்று பிறந்த கல்லுக்கு முதல் சுற்றிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை. மீற வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

தேவை வந்தது. பானைவயிறர் வடிவத்தில் வந்தது!

பானைவயிறர் தூரத்தில் இருந்தவர். கல்லாகத் தொடங்கி, காற்றையும் புகையையும் குடித்துக் குடித்து, சூரியனுக்கு அடுத்த பெரிய ஆள் ஆகிவிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் நடந்தால் வானமே இழுபடும். அவர் ஒரு முறை சூரியன் பக்கமாக உள்ளே நடந்து வந்தார் பாருங்கள், பாதையில் இருந்த சின்னக் கற்களெல்லாம் கவண்கல் மாதிரிப் பறந்தன. எங்கே போய் விழுந்தன என்று யாருக்கும் தெரியாது. அப்படிப் பறந்தவர்களில் ஒருவன் கொண்டையன்.

மணிச்சி பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பக்கத்தில் இருந்த புருஷன் வேரோடு பிடுங்கின மாதிரிப் போகிறான். குறுணி அன்றைக்கு மணிச்சியின் முதுகுப் பக்கம் ஒண்டியிருந்ததால் தப்பித்தாள். கொண்டையன் போகிற போக்கில் ஒரே ஒரு கத்தல் கத்தினான்.

“மணிச்சி! என் தங்கச்சிய விட்றாத! நான் சுத்திக்கிட்டு வந்துருவேன்! உன் நெத்தியப் பாத்தே வந்துருவேன்!”

அவ்வளவுதான், இருட்டில் போய்விட்டான். மணிச்சி அழுத அழுகை இருக்கிறதே, சொல்லி மாளாது. மூன்று சுற்றும் குறுணி மதினியின் முதுகை விட்டு நகரவில்லை. பிறகு குறுணிதான் சொன்னாள், “மதினி, நெத்தியத் தொடச்சிக்கோங்க. அண்ணன் வந்தாத் தெரியணும்லா?”

இப்படிக் காலம் போகையில் ஒரு நாள் புழுதியெல்லாம் நடுங்க ஆரம்பித்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. கற்களெல்லாம் ஒன்றையொன்று பார்த்தன. பானைவயிறர் திரும்பவும் கிளம்பிவிட்டார்!

“ஐயா! ஐயா, நில்லுங்க!” என்று மணிச்சி கூவினாள். “இங்க சின்னஞ்சிறுசுக இருக்கு!”

தூரத்திலிருந்து இடி உருண்ட மாதிரி பதில் வந்தது. “நான் என்னம்மா செய்வேன்? நான் நடந்தா நீங்க பறக்கிறீங்க. கனமா இருக்கிறவங்க நிப்பாங்க. கனமா இருக்கிறவங்களப் பிடிச்சிக்கிட்டு இருக்கிறவங்களும் நிப்பாங்க. இன்னும் அம்பது சுத்து இருக்கு. அதுக்குள்ள பாத்துக்கோங்க.”

ஐம்பது சுற்று! ஆறிய மண்ணை ஒரு பிடி தின்னவே அதைவிடக் காலம் பிடிக்கும். மணிச்சி தன் கனத்தை மனசுக்குள் நிறுத்துப் பார்த்தாள். அவள் மட்டும் என்றால் எப்படியோ நின்றுவிடலாம். குறுணியையும் இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் இந்த உடம்பு காணாது, இன்னும் பத்து மடங்கு வேண்டும். சுற்றிலும் புழுதி மிதக்கிறது. அத்தனையும் கங்கு சாகாத மண்.

அவள் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தாள். நெற்றியில் இருக்கிற ஒன்பது மணியை நினைத்து ஒரு சுற்று முழுக்க யோசித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

“மதினி! என்ன பண்றீங்க? அது ஆறலை!” குறுணி அலறினாள்.

“தெரியும்.”

“பதறாத காரியம் சிதறாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

“அது அவகாசம் இருக்கிறவளுக்கு. எனக்கு அம்பது சுத்துதான் இருக்கு. ஓரமா நில்லு, பேசாத, எனக்குத் தின்ன வேண்டியது நெறைய இருக்கு.”

தின்றாள் பாருங்கள்! அடேயப்பா, அப்படி ஒரு தீனியை வானம் அதற்கு முன் பார்த்ததில்லை! கைப்பிடி கைப்பிடியாகவா தின்றாள்? மேகம் மேகமாக உறிஞ்சினாள். இந்தப் பக்கம் வந்த புழுதி, அந்தப் பக்கம் வந்த புழுதி, வழி தெரியாமல் அலைந்த பொடிக்கல், ஒன்றையும் விடவில்லை. பத்தாவது சுற்றில் இரண்டு மடங்கானாள். இருபதாவது சுற்றில் ஐந்து மடங்கு. கோணல் மாணலாக இருந்த உடம்பு உருண்டையாகிக்கொண்டே வந்தது. பார்த்த கற்களெல்லாம் வாயைப் பிளந்தன. “இவ கல்லா, இல்ல மலையா?” என்று ஒருத்தன் கேட்டான். “வழிய விடுடா, உன்னையும் தின்னுருவா!” என்று இன்னொருத்தன் அவனை இடித்தான்.

இருபத்தைந்தாவது சுற்றில் வயிற்றுக்குள் முதல் சூடு தெரிந்தது.

முதலில் இதமாகத்தான் இருந்தது. குளிர் வானத்தில் கணப்பு யாருக்குத்தான் வேண்டாம்? அப்புறம் அது ஏறியது. கங்கோடு கங்கு சேர்ந்தால் அடுப்பு, அடுப்போடு அடுப்பு சேர்ந்தால் சூளை. அவளுடைய அடிவயிற்றில் கல் இளகியது. கல்லோடு கல்லாகக் கிடந்த இரும்பு உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது, அரிசி களையும்போது மணல் அடியில் போய்த் தங்குமே, அந்த மாதிரி. உள்ளே நடுவயிற்றில் ஒரு இரும்புக் குண்டு திரண்டதை மணிச்சி உணர்ந்தாள். வலியில் உயிர் போனது. ஆனாலும் அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. “ஏட்டி குறுணி! கனம் கூடுது! இப்ப யாரு வந்து இழுத்தாலும் நான் அசைய மாட்டேன்!”

“மதினி, உங்க முதுகு... முதுகுல மணியக் காணோம்.”

ஆமாம், உள்ளிருந்து வந்த சூட்டில் முதுகில் இருந்த மணிகள் ஓரம் மழுங்கி, ஒன்றோடு ஒன்று கலந்து, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தன. “முதுகு தான? புருஷன் வந்தா மூஞ்சியத்தான் பாப்பாரு” என்று சொல்லிவிட்டு மணிச்சி அடுத்த மேகத்தை உறிஞ்சினாள்.

முப்பதாவது சுற்றில் இடுப்புப் பக்கம் படாரென்று வெடித்தது. உருகிய கல் பொங்கி வந்து மேனியெல்லாம் வழிந்தது. வானத்தின் குளிர் பட்டதும் அது அப்படியே உறைந்து கரும்பாறையாகிவிட்டது. அவளுக்குப் புதுத் தோல்! சரி, முடிந்தது என்று நினைத்தால், மறுபடி பொங்கியது. பழைய தோல்மேல் புதுத் தோல். அதன்மேல் இன்னொன்று. மேலே இருக்கிற தோல் குளிரில் ஆறும், அடியில் அமுங்கிய தோல் உள்சூட்டில் மறுபடி வேகும். ஆறுவதும் வேகுவதும், ஆறுவதும் வேகுவதும்! ஒருமுறை வெந்த கல் இரண்டாம் முறை வெந்தது, மூன்றாம் முறையும் வெந்தது. குறுணிக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

“போதும் மதினி! நிறுத்துங்க! நான் பறந்தா பறந்துட்டுப் போறேன், எங்கயாவது அண்ணன் இருப்பாரு!”

“வாய மூடு! உன்ன விட்றாதன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

ஐம்பதாவது சுற்றுக்கு மூன்று சுற்று மிச்சம் இருக்கையில் அவள் தின்பதை நிறுத்தினாள். பத்து மடங்குக்கு மேலேயே ஆகிவிட்டாள். உடம்பெல்லாம் கருகருவென்று புதுத் தோல். நெற்றி மட்டும் உயரத்தில் இருந்ததால் எந்தக் குழம்பும் அங்கே ஏறவில்லை. ஒன்பது மணியும் பச்சைப் பசேலென்று அப்படியே இருந்தன. மணிச்சிக்கு எவ்வளவு சந்தோஷம்! “பாத்தியாட்டி? நெத்தி தப்பிச்சிருச்சி! உங்க அண்ணன் கண்ணு பொட்டையா இருந்தாக்கூட என்னக் கண்டுபிடிச்சிருவாரு!”

வந்தார் பானைவயிறர்.

வானமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புழுதி கிழிந்தது. அந்தப் பக்கம் ஒரு கல் பறந்தது, இந்தப் பக்கம் நாலு கற்கள் பறந்தன. “பிடி! என்னப் பிடி!” என்று எங்கு பார்த்தாலும் கூச்சல். “குறுணி, கிட்ட வா! இன்னும் கிட்ட!” என்று மணிச்சி கத்தினாள். குறுணி மதினியின் இடுப்போடு இடுப்பாக, தொட்டும் தொடாமலும் ஒண்டிக்கொண்டாள். மணிச்சி தன் முழுக் கனத்தையும் போட்டு அவளை இழுத்தாள். அந்தப் பக்கம் பானைவயிறர் இழுக்கிறார், இந்தப் பக்கம் மணிச்சி இழுக்கிறாள், நடுவில் குறுணி கிடந்து துடிக்கிறாள்.

அப்போதுதான் அது நடந்தது. பானைவயிறரின் இழுப்பு மணிச்சியின் வயிற்றையும் மாவு பிசைகிற மாதிரிப் பிசைந்தது. உள்ளே தூங்கிய நெருப்பெல்லாம் எழுந்துகொண்டது. வெளியே வர வழி தேடியது. இடுப்பில், சரியாகக் குறுணி ஒண்டியிருந்த இடத்தில், தோல் விரிசல் விட்டது.

ஒரு கணத்தில் மணிச்சிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விரிசலைத் திறந்துவிட்டால் சூடு அந்த வழியாகப் போய்விடும், நெற்றி தப்பிக்கும். ஆனால் எதிரே குறுணி இருக்கிறாள். மடிப்பு முழுக்கப் பனி. பனி கொதித்தால் அந்தச் சின்ன உடம்பு பொடிப்பொடியாகச் சிதறிவிடும். விரிசலை மூடினால் சூடு போக்கிடம் இல்லாமல் தோல் முழுக்கப் பரவும், உச்சிவரை ஏறும். நெற்றியையும் விடாது.

“மதினி, சுடுது!” என்றாள் குறுணி.

“கொஞ்சம் பொறு தாயி,” என்றாள் மணிச்சி. அவளை அப்படி அதற்கு முன் கூப்பிட்டதே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, விரிசலை இறுக்கி மூடினாள். சூடு திரும்பியது. அடித்தோலை வேகவைத்தது, நடுத்தோலை வேகவைத்தது, மேல்தோலை வேகவைத்தது, கழுத்துக்கு ஏறியது, நெற்றிக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் மணி இளகியது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்று போகும்போதும் அவளுக்குத் தெரிந்தது. “ஏங்க, மன்னிச்சிருங்க” என்று மனசுக்குள்ளே சொல்லிக்கொண்டாள். ஒன்பதும் போய்விட்டன.

பானைவயிறர் கடந்து போய்விட்டார். புழுதி அடங்கியது. வானத்தில் பாதிக் கற்களைக் காணோம். குறுணி இருந்தாள். பனி இருந்தது. அவள் மேனியில் ஒரு மணிகூடக் குறையவில்லை.

“மதினி! நான் இருக்கேன்! மதினி, நின்னுட்டோம்!” என்று குதித்தவள், மதினியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே கரும்பாறைதான் இருந்தது. குறுணி ஓவென்று அழுதாள். “என் மணியில ஒம்பது எடுத்துக்கோங்க. பச்சையா இருக்கிறதாப் பாத்து எடுத்துக்கோங்க.”

“போடி கூறுகெட்டவளே. ஒட்டுப் போட இது என்ன கிழிஞ்ச சேலையா?” என்று மணிச்சி சிரித்தாள். சிரித்துவிட்டு அவளும் அழுதாள்.

காலம் போனது. வயிற்றில் கங்கு செத்தது, இரும்புக் குண்டு உறைந்தது. புதிதாக வந்த கற்களுக்கு மணிச்சி யாரென்று தெரியாது. “அந்தக் கருப்பி” என்பார்கள். குறுணி அவர்களைக் கடிக்காத குறைதான். தானும் மதினியை விட்டு நகராமல் அவளையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு கல் இன்னொரு கல்லைச் சுற்றுவது அப்போது அதிசயம்!

அப்படி இருக்கையில் ஒரு நாள், தூரத்து இருட்டிலிருந்து ஒரு குரல். “மணிச்சி! மணிச்சி!” தலையில் புடைப்போடு ஒருவன் தலைதெறிக்க வருகிறான். வழியில் பார்க்கிற கல்லின் நெற்றியையெல்லாம் உற்று உற்றுப் பார்க்கிறான். “இவ இல்ல. இவளும் இல்ல.”

மணிச்சிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஆசை. இந்த மூஞ்சியோடு எப்படி? குறுணியோ அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் சுற்றப் போயிருந்தாள். கொண்டையன் நேரே மணிச்சியிடமே வந்து, “அம்மா, உங்களத்தான்! நெத்தியில ஒம்பது பச்சை மணி, என் வீட்டுக்காரி, இந்தப் பக்கம்தான் இருந்தா. பாத்தீங்களா?” என்றான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நின்று கேட்க முடியாது, வந்த வேகம் அப்படி. பெருமூச்சு விட்டுக் கடந்து போகப் போனான். அதே நேரம் மணிச்சியின் தோளுக்குப் பின்னாலிருந்து குறுணி சுற்றி வந்தாள்.

“குறுணி?” என்றான் கொண்டையன். “ஏட்டி, பானைவயிறர் மறுபடி வந்தாராமே, நீ பறக்கலியா? நீ எப்படி இங்க நிக்கிற?”

குறுணி மதினியைத் திரும்பிப் பார்த்தாள். கொண்டையன் தங்கச்சியைப் பார்த்தான், ஒரு மணி குறையாத மேனியைப் பார்த்தான், உருகாத பனியைப் பார்த்தான். பிறகு அவளை இழுத்துப் பிடித்திருந்த அந்தக் கரும்பாறையைப் பார்த்தான். அடித்தோல்வரை வெந்து கிடந்த உடம்பைப் பார்த்தான்.

“மணிச்சி,” என்றான். “ஆறாத மண்ணைத் தின்னியா?”

“உங்க தங்கச்சிய விட்றாதன்னு நீங்கதான சொன்னீங்க,” என்றாள் அவள். “நெத்தி போயிருச்சிங்க.”

“நெத்தி கெடக்குது நெத்தி! என் தங்கச்சிய இப்படி இழுத்துப் பிடிச்சு வைக்க இந்த வானத்துல வேற எவளுக்கு வீம்பு இருக்கு? உன்னத் தெரியாதா எனக்கு?”

சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பினான் பாருங்கள். “ஏங்க, மெதுவா! மெதுவா வாங்க!” என்று மணிச்சி கத்துகிறாள். கேட்டால்தானே! நேரே வந்து கட்டிக்கொண்டான். கல்லும் கல்லும் கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? டமாரென்ற சத்தத்தில் வானம் அதிர்ந்தது. மணிச்சியின் அடிப்பக்கத்தில் பெரிய பள்ளம் விழுந்தது. கொண்டையன் நொறுங்கி அந்தப் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டான். அவளுடைய வெந்த தோலும் அவனுடைய வேகாத மணியும் துண்டு துண்டாகக் கலந்து நாலா பக்கமும் தெறித்தன. “ஐயோ அண்ணே! ஐயோ மதினி!” என்று குறுணி பதறிப்போய்ச் சுற்றினால், பள்ளத்துக்குள்ளிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்று முதல்தான், பொறுத்துத் தின்ற விண்கற்களின் மேனியில் மணி நிற்கிறது, பொறுக்க முடியாமல் தின்ற கற்களோ தோல் திரும்பத் திரும்ப வெந்து, மணி கரைந்து, வயிற்றில் இரும்போடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. அன்றைக்குத் தெறித்த துண்டுகள் இப்போதும் எப்போதாவது ஒன்று நம் காட்டிலோ மேட்டிலோ வந்து விழும். கிடைத்தால் உடைத்துப் பாருங்கள். வெந்த கல்லுக்கு நடுவே வேகாத மணி நாலைந்து இருந்தால், அது கொண்டையன். மணிச்சியை விட்டு அவன் இன்னும் நகரவில்லை.